பட்ஜெட்டுக்குள் வைரம்: எந்த கிரேடு காசுக்குத் தகும், எது தகாது

வைரக் கல்லுக்குக் கொடுக்கும் பணம் எடை, கலர், கிளாரிட்டி (கல் உள்ளே எவ்வளவு சுத்தம் என்பது), கட்டிங் என்று நான்கு பக்கம் பிரிகிறது. கலரும் கிளாரிட்டியும் சர்டிஃபிகேட்டில் பளிச்சென்று தெரியும். விற்பவர் வாயிலும் அவைதான் முதலில் வரும். கல் மின்னுமா, தூங்குமா என்பதை முடிவு செய்யும் கோணங்களோ ஒரு சின்னப் படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். கையில் இருக்கும் தொகை குறைவாக இருக்கும்போது பலரும் கலருக்கும் கிளாரிட்டிக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு, இந்தப் பொடி எழுத்தில் கோட்டை விடுகிறார்கள்.

இங்கே மதிப்பிடுவது 0.50 முதல் 1.20 கேரட் வரையிலான, ரவுண்டு பிரில்லியண்ட் கட்டிங் உள்ள, பதிக்காத இயற்கை வைரத்தை. மற்ற வடிவங்களும் லேபில் வளர்த்த வைரமும் பின்னால் சுருக்கமாக வரும். பட்ஜெட் என்றால் மோதிரத்தின் மொத்தத் தொகை அல்ல. உலோகம், செய்கூலி, வரி எல்லாவற்றையும் கழித்தபின் கல்லுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கல்லைப் பாருங்கள்.

எடையில் ஏமாறும் இடம்

ஒரு கேரட் 0.2 கிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். கேரட் ஒன்றுக்கான விலை எடையோடு சீராக ஏறாமல் 0.50, 0.70, 0.90, 1.00, 1.50 ஆகிய எடைகளில் படி தாண்டும். வியாபாரிகள் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் ராப்பபோர்ட் விலைப்பட்டியலே எடையை இப்படிக் கட்டம் கட்டித்தான் பிரிக்கிறது. 0.99ஐயும் 1.00ஐயும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பில்லில் தெரியும்.

இது பட்டை தீட்டுபவருக்கும் தெரியும். கச்சாக் கல்லைச் சரியான கோணத்தில் தீட்டினால் 0.93 வரும், அடியைக் கொஞ்சம் ஆழமாக விட்டால் 1.01 வரும் என்றால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அதனால்தான் 1.00 முதல் 1.03 வரையிலான கற்களில் ஆழக் கட்டிங் அதிகம் அகப்படுகிறது. 0.50, 0.70, 0.90ஐ ஒட்டிய எடைகளிலும் இதே கதைதான். அடியில் ஒளிந்திருக்கும் எடை மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள்.

நன்றாகத் தீட்டிய ரவுண்டு கல் 0.50 கேரட்டில் 5.1 மில்லிமீட்டர் விட்டமாவது வரவேண்டும். 0.70க்கு 5.7, 0.90க்கு 6.2, 1.00க்கு 6.4 என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். சர்டிஃபிகேட்டில் எடையைப் பார்த்த கையோடு விட்டத்தையும் பாருங்கள். அது குறைந்தால் கல் பெரியதாகத் தெரியாது.

ஒரு பொருத்தமான பேரம்: 0.80 முதல் 0.89 வரை. 0.90 படியைத் தாண்டாததால் விலை இறங்கியிருக்கும், விட்டம் 6 மில்லிமீட்டரைத் தொட்டிருக்கும். 0.95 முதல் 0.99 வரை இன்னும் நல்லது. ஆனால் நூறைத் தொட முடிந்த கல்லை யாரும் 97ல் நிறுத்துவதில்லை என்பதால் அந்த எடை அரிதாகவே சந்தைக்கு வரும். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ட்ரிபிள் எக்ஸ் போதுமா?

போதாது. கட்டிங், பாலிஷ், சிமெட்ரி மூன்றும் எக்ஸலன்ட் என்றால் அதை ட்ரிபிள் எக்ஸ் என்பார்கள். ரவுண்டு கற்களுக்குக் கட்டிங் கிரேடு தரும் முறையை, வைரத்துக்கு சர்டிஃபிகேட் தரும் அமெரிக்க லேபான ஜிஐஏ 2006ல் கொண்டுவந்தது. அதில் எக்ஸலன்ட் என்ற கூடை பெரியது: டேபிள் (மேலே நடுவில் இருக்கும் தட்டைப் பட்டை) விட்டத்தில் 52 முதல் 62 சதவீதம், கிரவுன் (இடுப்புக்கு மேல் பகுதி) கோணம் 31.5 முதல் 36.5 டிகிரி, பெவிலியன் (இடுப்புக்குக் கீழ்ப் பகுதி) கோணம் 40.6 முதல் 41.8 டிகிரி வரை உள்ளே வரலாம். இந்த எல்லைக்குள் எல்லாச் சேர்க்கையும் எக்ஸலன்ட் ஆகிவிடாது என்றாலும், சுமாரான கற்களும் சேர்ந்தே உள்ளே வந்துவிடுகின்றன.

காகிதத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு கற்களை வைத்துப் பார்ப்போம். இரண்டும் 1.01 கேரட், ஜி கலர், விஎஸ் 2 கிளாரிட்டி (இந்த எழுத்துகளின் பொருள் பின்னால் வரும்), ட்ரிபிள் எக்ஸ். முதல் கல்லின் அளவு 6.32 - 6.35 x 3.98 மி.மீ., மொத்த ஆழம் 62.8 சதவீதம், கிரவுன் 35.5, பெவிலியன் 41.2, டேபிள் 57. இரண்டாவது 6.46 - 6.49 x 3.95 மி.மீ., ஆழம் 61.0, கிரவுன் 34.5, பெவிலியன் 40.8, டேபிள் அதே 57. இரண்டாவது கல்லின் முகப்பரப்பு முதல் கல்லைவிட நாலரை சதவீதம் கூடுதல். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒளி. முதல் கல்லில் கிரவுன் செங்குத்து, பெவிலியன் ஆழம் என்று இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. உள்ளே போன ஒளியில் ஒரு பங்கு மேலே திரும்பாமல் அடிவழியே கசிந்துவிடும். டேபிளின் விளிம்புக்குக் கீழே ஒரு சாம்பல் வளையமாக அது தெரியும். கடை வெளிச்சத்தில் மறைந்திருக்கும் அந்த வளையம், கல்லின் அடியில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியதும் பட்டவர்த்தனமாகிவிடும். நன்றாகத் தீட்டிய ஒரு 0.95 கேரட் கல் 6.34 மில்லிமீட்டர் வரும். அதாவது 1.01க்குக் காசு கொடுத்து 0.95இன் அகலத்தை, அதுவும் மங்கிய ஒளியோடு, வாங்குகிறோம்.

தேடவேண்டிய எண்கள் இவை: டேபிள் 54 முதல் 58, ஆழம் 60 முதல் 62.3, கிரவுன் 34 முதல் 35, பெவிலியன் 40.6 முதல் 41.0. கிரவுன் கோணமும் பெவிலியன் கோணமும் தராசுத் தட்டு மாதிரி. ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும். கிரவுன் 35 என்றால் பெவிலியன் 40.6 அல்லது 40.8 நன்றாக இருக்கும். கிரவுன் 34 என்றால் 41.0 தாங்கும். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் அடுத்த கல்லுக்குப் போங்கள்.

இந்த எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கிரவுன் கோணத்தை ஜிஐஏ அரை டிகிரிக்கும், பெவிலியனை 0.2 டிகிரிக்கும் முழுமைப்படுத்தித்தான் அச்சிடுகிறது. அதுவும் எட்டுப் பட்டைகளின் சராசரி. 34.5 என்று காகிதத்தில் இருக்கும் கல்லில் ஒரு பட்டை 33.9, எதிர்ப்பட்டை 35.1 என்று இருக்க வாய்ப்புண்டு. எண்கள் நூறு கற்களைப் பத்தாக வடிகட்ட மட்டுமே உதவும். அந்தப் பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஐடியல்ஸ்கோப் (ஒளி எங்கே கசிகிறது என்று காட்டும் சிறு கருவி) படம் கேளுங்கள். சிவப்பாகத் தெரிவது திரும்பி வரும் ஒளி, வெள்ளையாகத் தெரிவது கசிவு, கருப்பாகத் தெரியும் எட்டு அம்புகள் ஒளி-நிழல் மாறுபாட்டுக்கானவை. டேபிளைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் மேற்சொன்ன முதல் கல்லின் நோய் அது. படம் தரமாட்டேன் என்றால் வெவ்வேறு கோணத்தில் சுழலும் வீடியோவாவது வேண்டும்.

காசு மிச்சப்படுத்த இங்கேயும் ஒரு வழி இருக்கிறது. பாலிஷும் சிமெட்ரியும் வெரி குட் என்றாலும் ஜிஐஏவில் கட்டிங் எக்ஸலன்ட் வாங்க முடியும். அந்த இரண்டிலும் எக்ஸலன்டுக்கும் வெரி குட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வெறுங்கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. ‘ட்ரிபிள்’ என்ற பட்டம் இல்லாததால் விலை மட்டும் இறங்கும். கட்டிங் கிரேடே வெரி குட் என்றால் அது வேறு கணக்கு, தவிர்க்கலாம். கர்டில் எனப்படும் இடுப்பு விளிம்பு ‘தின்’ முதல் ‘ஸ்லைட்லி திக்’ வரை இருந்தால் சரி. அதற்கு மேல் தடித்தால் வீண் எடை, ‘எக்ஸ்ட்ரீம்லி தின்’ என்றால் பதிக்கும்போது சில்லு பெயரும்.

கிளாரிட்டி: எங்கே குறைக்கலாம்

கிளாரிட்டி கிரேடு பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத் தருவது. குறையே இல்லாத எஃப்எல்லில் தொடங்கி ஐஎஃப், விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ, ஐ என்று இறங்கும். ஒவ்வொன்றிலும் 1ஐவிட 2 கீழே. விவிஎஸ் கல்லின் குறைகளைத் தேர்ந்த கிரேடரே லூப்பில் (பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ்) சிரமப்பட்டுத்தான் கண்டுபிடிப்பார். அதை விரலில் போட்டுக்கொண்டு நடக்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள்? சேமிப்பாக நினைத்து எஃப்எல், ஐஎஃப், விவிஎஸ் வாங்குபவர்களை நிறுத்த முடியாது. அணிவதற்கு வாங்குபவர்களுக்கு அந்தப் பணம் வீண்.

விஎஸ் 2 பாதுகாப்பான தேர்வு. ரவுண்டு கல்லில் வெறுங்கண்ணுக்குக் குறை தெரிவது அபூர்வம். நிஜமான பேரம் எஸ்ஐ 1ல் கிடக்கிறது, ஆனால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரே எஸ்ஐ 1ல் ஒரு கல் பளிங்கு, இன்னொன்றில் டேபிளுக்கு நடுவே கரும்புள்ளி.

கிரேடைத் தாண்டிப் பார்க்க வேண்டியது குறை எது, எங்கே என்பது. சர்டிஃபிகேட்டில் குறைகளின் பட்டியலில் முதலில் வருவதுதான் பெரும்பாலும் கிரேடை இறக்கியது. ஓரத்தில் வெள்ளை ஃபெதர் (இறகு போன்ற விரிசல்) இருந்தால் பிராங் (கல்லைப் பிடிக்கும் உலோகக் கொக்கி) அதை மூடிவிடும், நல்ல பேரம். டேபிளுக்குக் கீழே நிறமில்லாத கிரிஸ்டல் (உள்ளே சிக்கிய கனிமத் துகள்) என்றால் நேரில் பார்த்து முடிவு செய்யலாம். அதே இடத்தில் கருப்புக் கிரிஸ்டல் என்றால் வேண்டாம். பெவிலியன் பக்கம் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரே புள்ளி பட்டைகளில் பிரதிபலித்து ஆறேழு புள்ளியாகத் தெரியும். வரைபடத்தில் அது ஒரு புள்ளிதான், அதனால் காகிதம் காட்டிக் கொடுக்காது. சிறிய கற்களுக்குப் பரவலாக வரும் டோசியே என்ற சுருக்க ரிப்போர்ட்டில் அந்த வரைபடமும் இருக்காது, குறைகளின் பெயர்கள் மட்டுமே. வரைபடம் இருந்தால் சிவப்பு உட்குறை, பச்சை மேற்பரப்புக் குறை.

கிளவுட் (நுண்புள்ளிகளின் கூட்டம்) என்ற சொல்லைக் கண்டால் நிதானியுங்கள். கூடுதல் கிளவுடுகள் படத்தில் காட்டப்படவில்லை என்ற குறிப்பு பல கற்களில் வரும், பயப்பட ஒன்றுமில்லை. கிளாரிட்டி கிரேடே படத்தில் காட்டாத கிளவுடுகளை வைத்துத்தான் தரப்பட்டது என்று எழுதியிருந்தால், அதுவும் எஸ்ஐ 1, எஸ்ஐ 2 கல்லில், கல் முழுக்க ஒரு மெல்லிய மூட்டம் இருக்கலாம். புள்ளியே தெரியாத, சுத்தமான கல் போலத்தான் தோன்றும். பக்கத்தில் இன்னொரு கல்லை வைத்தால்தான் ஒளி மந்தமாக இருப்பது புரியும்.

எஸ்ஐ 2 லாட்டரி. நேரில் பார்க்காமல், திருப்பிக் கொடுக்கும் வசதி இல்லாமல் வாங்கக் கூடாது. ஐ 1க்குக் கீழே மின்னலும் போகும், உறுதியும் சந்தேகம். வைரம் கடினம் என்பது கீறலுக்கு. நான்கு திசைகளில் அது பிளவுபடக் கூடியது. மேற்பரப்பை எட்டும் பெரிய ஃபெதர் கர்டிலில் இருந்தால் ஒரு அடி போதும்.

கலர், அதன் கூடவே வரும் வில்லங்கம்

கலரை நிறமில்லாத டி முதல் மஞ்சள் தட்டும் இசட் வரை கிரேடு செய்யும்போது கல்லைக் கவிழ்த்து, பக்கவாட்டில், மாஸ்டர் கற்களோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். மேலிருந்து பார்க்கும்போது நன்றாகத் தீட்டிய கல்லில் நிறம் பெருமளவு மறைந்துவிடும். பிளாட்டினத்திலோ வெள்ளைத் தங்கத்திலோ பதிப்பதானால் எச் போதும், நிறத்தை நுணுகிப் பார்க்கும் கண்ணுக்கு ஜி. மஞ்சள் தங்கமானால் ஐ, ஜே தாராளம். மஞ்சள் பிராங்கின் சாயலே கல்லுக்குள் பிரதிபலிக்கும்போது டி கலருக்குக் கொடுத்த காசு எங்கே தெரியும்? பக்கக் கற்கள் வைப்பதானால் அவற்றைவிட மையக் கல் இரண்டு கிரேடுக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் மஞ்சள் காட்டிக் கொடுக்கும்.

வியாபாரிகள் தங்களுக்குள் ‘நோ பிஜிஎம்’ என்று கேட்டு வாங்குவார்கள். பிரவுன், கிரீன், மில்க்கி சாயல் இல்லாத கல் என்று பொருள். ஜே வரையிலான கற்களில் சாயல் மஞ்சளா பிரவுனா என்று ஜிஐஏ ரிப்போர்ட் சொல்லாது. கே முதல்தான் ‘ஃபெயின்ட் பிரவுன்’ என்ற குறிப்பு வரும். ஆகவே ஒரு பிரவுன் சாயல் கல்லும் ஒரு மஞ்சள் சாயல் கல்லும் ஒரே எச் எழுத்தோடு நிற்கும், வாங்கிய விலை மட்டும் வியாபாரிக்கு வேறு. சந்தேகப்படும்படி மலிவாக இருக்கும் ட்ரிபிள் எக்ஸ் கல்லில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பிஜிஎம் இல்லை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்கத் தெரிந்தவரிடம் பொய் சொல்வது குறைவு.

ஃபுளோரசன்ஸ் (புற ஊதா ஒளியில் கல் ஒளிர்வது) பற்றி நிலவும் பயம் மிகை. ஐ, ஜே கலரில் மீடியம் நீலம் இருந்தால் வெயிலில் கல் சற்று வெளுப்பாகவே தெரியும், விலையும் குறையும், இரட்டை லாபம். ஸ்ட்ராங், வெரி ஸ்ட்ராங் கற்களில் சிலவற்றுக்கு மட்டும் எண்ணெய் பூசியது போன்ற மூட்டம் வரும். வெளிச்சத்தில் கொண்டுபோய் ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும்.

கடையில் பார்க்கும் விதம்

கடையின் ஸ்பாட் லைட்டில் கண்ணாடித் துண்டும் மின்னும். கல்லை ஜன்னலோரம் எடுத்துப் போங்கள், பிறகு மேசைக்கு அடியில், நிழலில். அங்கேயும் உயிரோடு இருந்தால் கட்டிங் நல்லது. பார்க்கும் முன் துடைக்கச் சொல்லுங்கள். வைரத்தில் விரல் பிசுக்கு சட்டென ஒட்டும், அழுக்குக் கல்லை மங்கல் கல் என்று தவறாக ஒதுக்கிவிடக் கூடாது. வெறுங்கண் சோதனைக்கு 25 சென்டிமீட்டர் தூரத்தில், மேலிருந்தும் சாய்த்தும் பாருங்கள். கலருக்கு மடித்த வெள்ளைக் காகிதத்தின் பள்ளத்தில் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.

லூப்பில் பார்க்க வேண்டியது கர்டிலில் லேசரால் பொறித்த எண். அது சர்டிஃபிகேட் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். அந்த எண்ணை லேபின் இணையதளத்தில் போட்டு விவரம் அப்படியே வருகிறதா என்று சரிபாருங்கள். எண் பொறிப்பது எவராலும் முடியும் என்பதால் அளவுகளும் குறையின் இடமும் ஒத்துப்போகின்றனவா என்பதே உறுதியான சோதனை. ரிப்போர்ட் தேதி பல வருடம் பழையதானால் இடையில் கர்டிலில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று ஒரு சுற்று பாருங்கள். எல்லா லேபும் ஒரே கண்டிப்போடு கிரேடு தருவதில்லை. தளர்வான லேபின் ஜி, கண்டிப்பான லேபில் ஐ ஆகலாம். வேறு வேறு லேப் சர்டிஃபிகேட்டுகளை வைத்து விலையை ஒப்பிடுவது வீண்வேலை. கடையே அடித்துக் கொடுக்கும் சர்டிஃபிகேட்டைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

விரிசலில் கண்ணாடி போன்ற பொருளை நிரப்பிய கற்களும் சந்தையில் உண்டு. சாய்க்கும்போது விரிசல் ஓரத்தில் ஊதாவோ ஆரஞ்சோ மின்னி மறையும். ஜிஐஏ இவற்றுக்கு கிரேடு தருவதில்லை. மோதிர அளவு மாற்றும்போது படும் சூட்டில் நிரப்பியது வெளியேறிவிடும். வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் பேனா வடிவக் கருவி, வைரம் போலவே தோன்றும் வேறு கல்லான மொய்சனைட்டையும் வைரம் என்றே சொல்லும். ஆனால் மொய்சனைட்டைச் சாய்த்து லூப்பில் பார்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும்.

மற்ற வடிவங்கள், லேப் வைரம்

ஓவல், பேர் (பேரிக்காய் வடிவம்), மார்க்கீஸ் மூன்றிலும் நடுவில் வில் கட்டியது போன்ற கருநிழல் விழும். மெல்லியதாக இருந்தால் அழகு, சாய்த்தாலும் மறையாவிட்டால் தவிர்க்கவும். நுனிகளில் கலர் தேங்கும் என்பதால் ரவுண்டைவிட ஒரு கிரேடு ஏற்றிக்கொள்ளுங்கள். எமரால்டு, ஆஷர் வடிவங்களின் பட்டைகள் படிக்கட்டுபோல் அகலமானவை. உள்ளே இருப்பதெல்லாம் தெரியும், விஎஸ் 1க்குக் கீழே கவனம். பிரின்சஸின் நான்கு மூலைகளும் வலுவில்லாதவை, அங்கே ஃபெதர் கூடாது. இந்த வடிவங்களுக்கு ஜிஐஏ கட்டிங் கிரேடு தருவதில்லை, ஆகவே வீடியோ இல்லாமல் வாங்க வேண்டாம்.

லேபில் வளர்த்த வைரமும் வைரமே. அதே கார்பன், அதே கடினம், அதே மின்னல். விலை மிகவும் குறைவு என்பதால் அளவுதான் முக்கியம் என்பவருக்கு அதுவே சரியான விடை. திரும்ப விற்கப் போனால் கிடைப்பது சொற்பம் என்பதை அறிந்து வாங்க வேண்டும். இதில் எஃப்-விஎஸ் 1 எளிதாகக் கிடைப்பதால் எஸ்ஐக்கு இறங்கத் தேவையில்லை. சிவிடி முறையில் வளர்த்தவற்றில் பிரவுன் சாயலையும் மூட்டத்தையும், எச்பிஎச்டி முறையில் நீலச் சாயலையும் பார்த்து ஒதுக்கவும். 2025 முதல் ஜிஐஏ இவற்றுக்குத் தனித்தனி கலர், கிளாரிட்டி எழுத்துகள் தராமல் பிரீமியம், ஸ்டாண்டர்டு என்று மட்டுமே வகைப்படுத்துகிறது.

எதை வாங்கலாம்

பெரியதாகத் தெரிய வேண்டும், தொகை இறுக்கம் என்றால்: 0.80 - 0.89, ஐ, பொறுக்கியெடுத்த எஸ்ஐ 1, மேலே சொன்ன கோணங்கள், மஞ்சள் தங்கம். வெள்ளை உலோகம் என்றால் எச், விஎஸ் 2 ஆக்கி எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஒரு கேரட் என்ற எண்ணே வேண்டும் என்று வீட்டில் உறுதியாக இருந்தால், 1.01ல் விட்டம் 6.4க்குக் குறையாத கல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். கலரில் ஜே வரை இறங்கலாம், கோணத்தில் இறங்கக் கூடாது. டி - விவிஎஸ் 1 - கட்டிங் குட் என்ற சேர்க்கை எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: ரிப்போர்ட் எண்ணோடு பில், திருப்பிக் கொடுக்கும் நாள் கணக்கு, திரும்ப எடுக்கும் விதி. கடைசியில் சொன்னதில்தான் சூட்சுமம். விலை எதை வைத்துக் கணக்கிடப்படும், அன்றைய விலையா வாங்கிய விலையா, பணமாகவா நகையாகவா, சர்டிஃபிகேட் அட்டை தொலைந்தால் என்ன கழிப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதித்து வந்தபின் லூப்பை வாங்கி, பிராங் ஒவ்வொன்றின் ஓரத்திலும் கர்டிலில் புதுச் சில்லு இருக்கிறதா, பொறித்த எண் அதேதானா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வாசல் தாண்டியபின் அது யார் கையால் நடந்தது என்று நிரூபிக்க வழியில்லை.